பிளேனுக்குக் கீழே ஆடு

கேட் திறந்துவிட்டானா பாருங்கள் தம்பி. இல்லையா? கொஞ்சம் நன்றாகத்தான் எட்டிப் பாருங்களேன், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது பின்னே எதற்கு? பஸ் டிரைவர் இறங்கிப்போய் வடை தின்கிறார் என்றால் இப்போதைக்கு ரயில் வராது என்று அர்த்தம். வராத ரயிலுக்கு எதற்கு கேட்டை மூடுகிறான்? அந்த கேட்கீப்பருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

நீங்கள் உட்காருங்கள். என்னால்தான் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் மடியில் குத்துகிறது. என்ன வைத்திருக்கிறேன் தெரியுமா? பென் டிரைவ். ஒரு பொன்வண்டு அளவுதான் இருக்கும், ஆனால் எங்கள் குடும்பமே இதற்குள் இருக்கிறது. நான், என் வீட்டுக்காரி, செத்துப்போன என் மாமனார், என் மகள் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டு அழுத படம், பழைய ரேஷன் கார்டு, எங்கள் கல்யாணப் பத்திரிகை. ஒரு ஆடும் இருக்கிறது. அந்த ஆட்டால்தான் காலையிலிருந்து நான் இப்படிச் சட்டியில் போட்ட கடுகாகத் துள்ளிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் வெயிலுமுத்து. இன்றைக்குச் சாயந்தரம் கோவில்பட்டியில் என் பேத்தி சௌமியாவுக்கு வரவேற்பு, விடிந்தால் முகூர்த்தம். மண்டபத்தில் சுவர் உயரத்துக்கு ஒரு டிவி வைத்திருக்கிறார்கள். எல்இடி ஸ்கிரீனாம். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கும்போது பின்னால் ரெண்டு வீட்டுப் பழைய படங்களும் வந்து வந்து போகுமாம். அதற்காக என் பேத்தி வீட்டில் இருந்த படம், காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி சாத்தூரில் ஸ்கேன் கடையில் கொடுத்துவிட்டாள். எல்லாம் என்றால் எல்லாம். முன்கூடத்தில் மாட்டியிருந்த என் பிளேன் படத்தையும் ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் காபியும் கையுமாகக் கூடத்துக்கு வருகிறேன், சுவரில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம், அதில் ஒரு பல்லி. எனக்குக் காபி இறங்கவில்லை.

என்ன பிளேன் படம் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன்.

நானும் குருவம்மாளும் பிளேனில் கொழும்புக்குப் போன படம். குருவம்மாள் என் வீட்டுக்காரி. எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், கல்யாணமான புதிது. பிளேன் ஜன்னல் வழியாக ரெண்டு பேரும் தலையை நீட்டிக்கொண்டிருப்போம். நான் விறைப்பாக மீசையோடு இருப்பேன், அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். பின்னால் மேகம், பக்கத்தில் நிலா. பகலில் ஏது நிலா என்று கேட்பீர்கள். அத்தனை உயரம் போய்விட்டால் பகல் என்ன, ராத்திரி என்ன? போனவனுக்குத்தான் அது தெரியும்.

படம் எடுத்த இடம் மதுரை. அப்போது சித்திரைப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஏரோட்ரோமில் மாடு படுத்துக் கிடந்ததால் பிளேனைப் பொருட்காட்சி மைதானத்திலேயே இறக்கிவிட்டார்கள். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில் நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார், ஏறினோம். ராமேஸ்வரத்துக்கு மேலே கொஞ்சநேரம் நின்றது. இறங்கவேண்டாம் என்று சொல்லி, வாளியைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டு, கோயில் தீர்த்தம் இழுத்துக் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் பயணிகளுக்கு அப்படி ஒரு கவனிப்பு. கீழே கடலைப் பார்த்ததும் குருவம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதுதான் அந்தச் சிரிப்பு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். அவளும் பக்கத்தில் நின்று "ஆமா, ஆமா, தீர்த்தம் கொஞ்சம் உப்புக் கரிச்சது" என்பாள். பொய்யென்றால் உப்பு எப்படித் தெரியும்?

கேட்டைப் பாருங்கள். அசையவில்லையா? சரி.

இப்போது பிரச்சினை என்னவென்றால் மாப்பிள்ளையின் அப்பா. தெய்வநாயகம் என்று பெயர். சென்னை ஏர்போர்ட்டில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பிளேனுக்கு அடியில் படுத்துப் படுத்தே தலை நரைத்தவர். என் பேத்திக்கு உலகத்தில் வேறு சம்பந்தமே கிடைக்கவில்லை பாருங்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர், பந்தியில்கூட உட்காராமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"மாமா, இது எந்தக் கம்பெனி விமானம்?" என்றார்.

"கொழும்புக் கம்பெனி" என்றேன்.

"இறக்கை எத்தனை இருந்துச்சு மாமா?"

"நாலு. ரெண்டு பறக்கிறதுக்கு, ரெண்டு ஸ்டெப்னி."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. "அத்தனை வருஷம் வேலை பாத்தேன், இந்த மாடலை என் கண்ணால பாத்ததே இல்ல. குடுத்து வச்சவரு மாமா நீங்க" என்று சொல்லிவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே போய் நின்று தோள் குலுங்குகிறது. தனக்கு அந்தப் பாக்கியம் இல்லையே என்று கண் கலங்கிவிட்டார் பாவம். அன்றிலிருந்து எப்போது போன் பண்ணினாலும் முதல் கேள்வி, "மாமா, பிளேன் சௌக்கியமா?" என் சொந்த மருமகன் ஒருநாள் கேட்டிருப்பானா? அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால் அந்தப் படம் சுவர் உயரத்துக்கு நிற்கப்போகிறது. அவர் என்மேல் வைத்திருக்கிற மரியாதையை நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

அந்தப் படத்தை ஃபிரேமோடு வைத்திருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஃபிரேம் போட்டவர் அளவு தப்பாக எடுத்து, படத்தின் கீழ்ப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடித்துவிட்டு, மேலே தங்கக் கலர் அட்டை வைத்து மூடிவிட்டார். நான் ஒன்றும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொன்னேன் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். அவர் இறந்தும் போய்விட்டார்.

ஸ்கேன் எடுக்கவேண்டுமென்றால் ஃபிரேமைக் கழற்றுவார்கள். கழற்றினால் மடிப்பைப் பிரிப்பார்கள். அதுதான் காபி இறங்கவில்லை. இட்லியையும் தொடாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து சாத்தூருக்குப் போய்விட்டேன்.

கடையில் பிளெஸ்ஸி என்று ஒரு பெண். சூட்டிகையான பிள்ளை. நான் போவதற்குள் ஃபிரேமைப் பிரித்துத் துருப்பிடித்த ஆணியையெல்லாம் ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தது. படம் மெஷின் கண்ணாடிமேல் குப்புறக் கிடக்கிறது. மூடியைச் சாத்திவிட்டது. உள்ளே வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாக ஊர்ந்து போகிறது. எனக்கு என் வயிற்றுக்குள்ளேயே ஊர்வது மாதிரி இருந்தது.

"நிறுத்து தாயி, நிறுத்து" என்றேன்.

"முடிஞ்சிருச்சு தாத்தா" என்றது.

கம்ப்யூட்டரில் நாங்கள் வந்துவிட்டோம். இத்தனை வருஷமாகக் கட்டைவிரல் அளவில் பார்த்த முகம், தாம்பாளம் அளவில் நிற்கிறது. "நீங்களா தாத்தா? மீசை சூப்பர்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் உருட்டி உருட்டிப் பெரிதாக்கியது. பிளேனின் பக்கவாட்டில் பலகை இழை தெரிகிறது. ஆணித் தலை தெரிகிறது. நிலாவில் பெயிண்ட் வழிந்திருப்பது தெரிகிறது. நான் சொல்கிறேன் தம்பி, இந்த மெஷின்கள் ஆகாது. இல்லாததையெல்லாம் காட்டுகிறது. அப்புறம் கீழே நகர்த்தியது. பிளேனுக்கு அடியில் ரெண்டு ஜோடிக் கால்.

"தாத்தா, இது கட்-அவுட்டா?"

"என்னம்மா கட்-அவுட்? பிளேனு."

"கால் தெரியுதே?"

"கிளம்புறப்ப எல்லாரும் நாலு எட்டு ஓடிக் குடுக்கணும் தாயி. அப்பத்தான் வேகம் எடுக்கும். அந்தக் காலத்துப் பிளேனுக்கு அடிப்பலகை கிடையாது."

அந்தப் பெண் சரி என்று தலையாட்டியது. நானும் தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். இன்னும் ஒரு உருட்டு உருட்டியது.

"அப்ப இந்த ஆடு?"

நான் எழுபத்தாறு வயதுக்காரன். போலீஸ் ஸ்டேஷனிலேயே வாயடைத்து நின்றதில்லை. மாமனார் வீட்டில் நின்றதில்லை. அந்த ஆட்டுக்கு முன்னால் நின்றேன் தம்பி. ஒரு ஆடு, நட்டநடு வானத்தில், கொழும்புப் பிளேனுக்குக் கீழே, குருவம்மாள் சேலை முந்தானையை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு நிற்கிறது. காலுக்காவது காரணம் சொல்லலாம். ஆடு எப்படி அத்தனை உயரத்துக்கு வரும்?

"இது உங்க மெஷின்ல இருந்த ஆடு" என்றேன். "முன்னாடி யாரோ ஆட்டுப் படத்தை ஸ்கேன் எடுத்திருக்காங்க. கண்ணாடியைத் துடைக்கலையா நீ?"

அது நல்ல பிள்ளை. எதிர்த்துப் பேசவில்லை. துணியை எடுத்துக் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, மறுபடியும் படத்தை வைத்து, மறுபடியும் மூடியைச் சாத்தியது. மறுபடியும் வெளிச்சம் ஊர்ந்தது.

மறுபடியும் ஆடு வந்தது.

"அதை அழிச்சிரு தாயி" என்றேன்.

"அழிக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்களே. வாய்ஸ் போட்டிருக்காங்க, கேளுங்க" என்று போனைக் காதில் வைத்தது. என் பேத்தி குரல்தான். 'பிளேன் போட்டோ கீழ ஒரு ஆடு இருக்கும், மடிஞ்சிருக்கும், அதை விட்டுறாதீங்க, அதுதான் முக்கியம்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய அம்மா பிறப்பதற்கு முன்னாடியே ஃபிரேமுக்குள் போன படம். உள்ளே ஆடு இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். வேறு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? எங்கள் வீட்டில் அதைப் பார்த்தது நான், குருவம்மாள், ரெண்டே பேர்தான். நான் சொல்லவில்லை.

ஏதோ சத்தம் கேட்கிறதே, ரயிலா? லாரி ஹாரனா? ச்சே.

நான் விடவில்லை. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ அழி என்றேன். அந்தப் பெண்ணும் ரப்பரால் தேய்ப்பதுபோல ஸ்கிரீனில் தேய்த்துப் பார்த்தது. கொம்பு போனது. காது போனது. வாய்க்கு வந்ததும் நின்றுவிட்டது.

"ஆட்டை எடுத்தா முந்தானை போகுது தாத்தா. முந்தானையை எடுத்தா பாட்டி கால் போகுது. பாட்டி கால் உங்க கால்மேல இருக்கு, அதனால உங்க காலும் போகுது."

குனிந்து பார்த்தேன். நிஜம்தான். ஜன்னல் உயரமாக இருந்ததால் அவளுக்கு எட்டவில்லை. என் ரெண்டு பாதத்துமேலும் அவள் வெறுங்காலோடு ஏறி, எக்கி நிற்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த விறைப்பு மீசையால் வந்ததில்லை போலிருக்கிறது. வானத்தில் பயம் வந்தால் பெண்கள் காலில் ஏறி நிற்பது சகஜம்தானே?

"மொத்தமா கீழ்ப்பக்கம் வெட்டிரவா? ஃபிரேம்ல இருந்த மாதிரியே ஆயிரும்" என்றது.

"வெட்டு" என்றேன்.

வெட்டிவிட்டது. பழையபடி நான், அவள், மேகம், நிலா. பார்க்கப் பார்க்க என்னமோ மாதிரி இருந்தது தம்பி. காலையிலிருந்து சாப்பிடாததால் இருக்கும். பிளெஸ்ஸியும் தாடையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் பையில் இருந்த மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டியது. மகள் காதுகுத்தில் குருவம்மாள், வீடு பால்காய்ச்சில் குருவம்மாள், மகள் கல்யாணத்தில் குருவம்மாள். எல்லாவற்றிலும் போலீஸ்காரர் எதிரே நிற்கிற மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"பாட்டி இந்த ஒரு படத்துலதான் தாத்தா பல்லு தெரியச் சிரிச்சிருக்காங்க. எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க?"

"கடலைப் பாத்து" என்றேன். மண்டபத்தில் இருந்த குருவம்மாளுக்குப் போன் போட்டேன்.

"எங்க தொலஞ்சு போனீங்க? பலகாரத்துக்கு ஆள் வந்திருக்கு, தலை எண்ணிச் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"குருவு, படத்துல ஆடு வந்திருச்சு."

"எந்தப் படத்துல?"

"பிளேன் படத்துல."

பின்னால் யாரோ நாதஸ்வரம் ஊதிப் பார்க்கிறது கேட்கிறது. அப்புறம் கேட்டாள், "அந்தச் செவலை ஆடா?"

பாருங்கள், கருப்பு வெள்ளைப் படம். இவள் ஸ்கேனையும் பார்க்கவில்லை. செவலை என்று எப்படிக் கண்டுபிடித்தாள்?

"ஆமா, அதுதான். ஒண்ணும் கவலைப்படாத, வெட்டச் சொல்லிட்டேன். சம்பந்தக்காரர் முன்னால மானம் போயிரும்ல" என்றேன்.

"வெட்டிட்டா, நான் எதுக்குச் சிரிச்சேன்னு இருக்கும்?"

"கடலைப் பாத்துச் சிரிச்சேன்னு சொல்லிக்குவோம். எப்பவும் சொல்றதுதானே?"

"கடலைப் பாத்து எவளாவது சிரிப்பாளா?" என்றாள். "நீங்க சொன்னதுக்கெல்லாம் ஆமா போட்டேன். உப்புக் கரிச்சதுன்னுகூடச் சொன்னேன். சிரிச்சது நான். அது என் சிரிப்பு. ஆட்டை எடுக்காதீங்க." வைத்துவிட்டாள்.

எனக்குக் காது சுட்டது. போன் சூடு.

பிளெஸ்ஸி என் முகத்தைப் பார்த்தது. "என்ன செய்ய தாத்தா? வெட்டினதா, வெட்டாததா? எல்இடிக்காரங்க பென் டிரைவ்ல இருக்கிறதைத்தான் போடுவாங்க." பிறகு அதுவே சொன்னது, "நீங்க எதை எடுத்தாலும் முழுப் படம் கிளவுட்ல இருக்கும். அழியாது."

"எதுல?"

"கிளவுட் தாத்தா. மேகம். மேகத்துல ஏத்திட்டேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் சொல்லவில்லை தம்பி, படித்த பிள்ளை அதன் வாயால் சொல்கிறது. பிளேன் மேகத்துக்கு ஏறிவிட்டதாம். நான், குருவம்மாள், ஆடு, மூன்று பேரும் அங்கேதான் இருக்கிறோமாம். இத்தனை வருஷமாக நான் சொன்னதை யாராவது கேட்டீர்களா?

வெட்டாததை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் ஏறிவிட்டேன். ஏறின நிமிஷத்திலிருந்து யோசிக்கிறேன், ஆட்டுக்கு என்ன சொல்வது? சாப்பாட்டுக்காக ஏற்றினார்கள் என்றால் குருவம்மாள் சைவம், கோபித்துக்கொள்வாள். யாரோ பயணி கொண்டுவந்த ஆடு என்றால் உள்ளே அல்லவா இருக்கவேண்டும், கீழே எதற்குத் தொங்குகிறது? அந்த மனிதர் மெக்கானிக். அடிப்பக்கம்தான் அவருக்கு அத்துப்படி. சுவர் உயரத்துக்கு அடிப்பக்கத்தைக் காட்டினால் சும்மா இருப்பாரா? அதனால்தான் உட்கார முடியவில்லை.

ஆ, வருகிறது, வருகிறது. கூட்ஸ் வண்டியா? நிலக்கரியா? எவ்வளவு நீளம் பாருங்கள். இதையா இத்தனை நேரம் மறித்து வைத்தான்? டிரைவர் கை கழுவுகிறார். நல்லது.

நீங்கள் எங்கே இறங்கவேண்டும் தம்பி? கோவில்பட்டியா? கோவில்பட்டியில் எங்கே? மண்டபத்துக்கா? எந்த மண்டபம்?

அட.

தெய்வநாயகத்துக்கு நீங்கள் என்ன வேண்டும்? மச்சினனா? சொந்த மச்சினன்தானா? நிச்சயத்துக்கு வரவில்லையே நீங்கள்? டூட்டியா... சரி, சரி. இத்தனை நேரமும் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறீர்களே, நல்ல பிள்ளைதான் நீங்கள். எதற்குத் துண்டை எடுக்கிறீர்கள்? உங்கள் குடும்பத்துக்கே கண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது போல.

ஒன்றும் பரவாயில்லை. பஸ் கிளம்பட்டும். இப்படி நெருங்கி உட்காருங்கள், நானும் உட்காருகிறேன். இப்போது குத்தவில்லை. இப்போதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் வருகிறது. ஆடு பிளேனில் ஏறவே இல்லை தம்பி. ஆடு எங்களை வழியனுப்ப வந்தது. பிளேன் கிளம்புகிறது, நாங்கள் நாலு எட்டு ஓடிக் கொடுக்கிறோம், அது பிரிய மனசில்லாமல் முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. அதற்குத்தான் குருவம்மாள் சிரித்தாள். நிலாவா? ஆட்டைப் பார்த்தபிறகு நிலாவை எவன் பார்க்கப்போகிறான்?

இதை நீங்களே உங்கள் அத்தானிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கதை என்று நினைத்துவிடுவார். சொல்லும்போது ஆடு செவலை என்று மறக்காமல் சொல்லுங்கள். படத்தில் அது தெரியாது. நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.